மணிக்கட்டு முறிவுக்கான தப்பை வகைகள்: ஒப்பீட்டு ஆய்வுகளின் அளவுகோல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மணிக்கட்டில் ஏற்படும் எலும்பு முறிவுக்கு எவ்வகைத் தப்பை பொருத்தமானது என்னும் வினாவை முன்வைத்துக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பல ஒப்பீட்டு ஆய்வுகள் வெளிவந்துள்ளன. அவற்றுள் சில முதன்மையான ஆய்வுகளின் முடிவுகளையும், அம்முடிவுகளை எட்டப் பயன்பட்ட அளவுகோல்களையும் இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. நன்னூல் சுட்டும் நூற்குற்றங்களுள் மயங்க வைத்தல், குன்றக் கூறல், மற்றொன்று விரித்தல் ஆகிய மூன்றும் இதற்கு ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. ஒப்பிடப்படும் பொருள் எது, அளக்கப்படுவது எது, அவ்வளவீடு யாருடைய வாழ்க்கையை மனத்திற்கொண்டது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெளிந்த பின்னரே இம்முடிவுகளைத் தமிழில் எடுத்துரைக்க இயலும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: மணிக்கட்டு முறிவு, தப்பை, மாவுக்கட்டு, ஒப்பீட்டு ஆய்வு, நூற்குற்றம், கலைச்சொல், அளவுகோல்.

முன்னுரை

இடறி விழுபவர் தம்மையறியாமலே தரையில் கையூன்றுகிறார். அந்நொடியில் உடலின் பளு உள்ளங்கை வழியே ஏறி, முன்கையின் பெருவிரல் பக்கத்தில் உள்ள ஆரை எலும்பின் கீழ்முனையைத் தாக்குகிறது. முதியோரிடத்தும் சிறுவரிடத்தும் மிகுதியாகக் காணப்படும் முறிவுகளுள் ஒன்று இவ்வாறு நேர்கிறது. டப்ளின் நகரின் அறுவை மருத்துவரான ஆபிரகாம் காலிஸ் 1814ஆம் ஆண்டு எடின்பரோ மருத்துவ இதழில் இம்முறிவை விளக்கி எழுதினார். எக்ஸ் கதிர் கண்டறியப்பட்ட 1895ஆம் ஆண்டுக்கு எண்பத்தோர் ஆண்டுகள் முன்னரே, கையால் தொட்டுணர்ந்தும் கண்ணால் நோக்கியும் அவர் அதை வரையறுத்தார். முறிவு கோணலாகவே கூடினாலும் காலப்போக்கில் கையின் இயக்கம் மீண்டு வலி நீங்கிவிடும் என்றும், வடிவக் குறை மட்டும் வாழ்நாள் முழுவதும் எஞ்சும் என்றும் அவர் கருதினார்.

எலும்பின் வடிவம், கையின் பயன் ஆகிய இரண்டும் ஒன்றல்ல என்னும் கருத்து அன்றே பதிவாகிவிட்டது. எனினும் அதன்பின் வந்த சிகிச்சை வரலாற்றில் நெடுங்காலம் வடிவமே முதன்மை பெற்றது. நெதர்லாந்தின் படை மருத்துவர் அந்தோனியஸ் மத்தைசன் 1852ஆம் ஆண்டு மாவுத்துணிக் கட்டு முறையை வெளியிட்ட பின்னர், மரத்தாலும் தகட்டாலுமான தப்பைகளோடு மாவுக்கட்டும் இடம்பெற்றது. எவ்வகைக் கட்டு எலும்பை நகராமல் வைத்திருக்கும் என்பதே ஒப்பீட்டின் மையமாக அமைந்தது. அந்த மையம் எவ்வாறு இடம்பெயர்ந்தது, பெயர்ந்த இடம் முழுமையானதா என்பன ஆராயத்தக்கவை.

ஒப்பீட்டு ஆய்வுக் கட்டுரையும் ஒரு நூலே. சொல்லால் பொருளை வரையறுத்து, சான்று காட்டி, முடிவு கூறுவது அதன் இயல்பு. ஆதலின் நூலுக்குரிய குற்றங்களாகப் பவணந்தி முனிவர் வகுத்த பத்தனுள் பொருந்துவனவற்றை அதன்மேல் வைத்துக் காண்பது முறையே.

மயங்க வைத்தல்: பெயரும் பகுப்பும்

ஒரு பொருளை வகைப்படுத்தும்போது பகுப்பின் அடிப்படை ஒன்றாக இருத்தல் வேண்டும். தப்பை வகைகளைக் குறிக்கும் பெயர்களிலோ அடிப்படைகள் பல கலந்துள்ளன. மாவு, ஃபைபர் கிளாஸ், நெகிழி என்பன பொருளால் அமைந்த பெயர்கள். புறங்கைத் தப்பை, உள்ளங்கைத் தப்பை, பெருவிரல் பக்கத் தப்பை என்பன இடத்தால் அமைந்தவை. முழங்கைக்குக் கீழே முடிவது, முழங்கையையும் தழுவுவது என்பன நீளத்தால் அமைந்தவை. முன்கையின் இரு பக்கங்களையும் பற்றி முழங்கையைச் சுற்றி வளைந்து வரும் தப்பை, சர்க்கரைக் கட்டியை எடுக்கும் இடுக்கியைப் போலிருப்பதால் ஆங்கிலத்தில் அப்பெயரே பெற்றது. அது வடிவத்தால் அமைந்த பெயர். நோயாளியே கழற்றி மாட்டக்கூடியது, மருத்துவரே நீக்கவேண்டியது என்னும் பகுப்பு பயன்பாட்டால் அமைந்தது.

இதன் விளைவாக, இருவகைத் தப்பைகளை ஒப்பிட்டதாகக் கூறும் ஆய்வு உண்மையில் இரண்டு அல்லது மூன்று வேறுபாடுகளை ஒரே நேரத்தில் ஒப்பிட்டுவிடுகிறது. சுற்றிலும் மூடிய மாவுக்கட்டையும் கழற்றக்கூடிய நெகிழித் தப்பையையும் எதிரெதிரே நிறுத்தினால் பொருள், மூடுபரப்பு, கழற்றும் தன்மை ஆகிய மூன்றும் மாறுகின்றன. கிடைத்த விளைவு இம்மூன்றனுள் எதனால் வந்தது என்பதை அந்த ஆய்விலிருந்து பிரித்தறிய முடியாது.

இம்மயக்கம் தமிழில் இன்னும் மிகுகிறது. கையைச் சுற்றிலும் மூடி இறுகும் கட்டு, ஒரு பக்கம் மட்டும் தாங்கி மறுபக்கம் துணியால் சுற்றப்படும் கட்டு, மூங்கில் தப்பை வைத்து நாட்டு மருத்துவர் இடும் கட்டு, வெறும் துணிக்கட்டு ஆகிய அனைத்தையும் ‘கட்டு’ என்னும் ஒரு சொல்லே குறிக்கிறது. முதலிரண்டையும் பொதுவழக்கு மாவுக்கட்டு என்றே கூறும். மருத்துவமனையில் ‘ஸ்லாப்’, ‘காஸ்ட்’ எனப் பிரித்து வழங்கும் வேறுபாடு நோயாளியின் செவிக்கு வரும்போது மறைந்துவிடுகிறது. இக்கட்டுரை ஒருபக்கத் தாங்கலைத் ‘தப்பைக்கட்டு’ எனவும், சுற்றிலும் மூடியதை ‘சூழ்கட்டு’ எனவும் பிரித்து வழங்குகிறது.

இப்பிரிப்பு சொல்லாராய்ச்சி விருப்பத்தால் எழுந்ததன்று. முறிந்த கை முதல் சில நாட்களில் வீங்கும். தப்பைக்கட்டில் வீக்கத்திற்கு இடமுண்டு, சூழ்கட்டில் இல்லை. இடமின்றித் தசையறைகளில் அழுத்தம் ஏறினால் குருதியோட்டம் தடைப்பட்டுத் தசை அழியும். ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் வோல்க்மன் 1881ஆம் ஆண்டு விளக்கிய, கைவிரல்கள் நிலையாக மடங்கி இறுகும் ஊனம் இவ்வாறு நேர்வது. வீங்கும் நாட்களில் தப்பைக்கட்டு இட்டு, வீக்கம் தணிந்தபின் சூழ்கட்டுக்கு மாறும் வழக்கத்தின் காரணம் இதுவே. வலி தணியாமல் ஏறிக்கொண்டே போவதும், விரல்கள் மரத்துப்போவதும், நீலம் பாய்வதும் உடனே மருத்துவமனைக்குத் திரும்பவேண்டிய அறிகுறிகள். ‘கட்டைத் தொடக்கூடாது’ என்னும் ஒரே அறிவுரை எல்லாக் கட்டுக்கும் பொதுவாகச் சொல்லப்படுமானால், ஒரு சொல்லின் மயக்கம் ஒரு கையின் இழப்பாக முடியக்கூடும்.

குன்றக் கூறல்: சான்றின் போதாமை

வளர்ந்தோருக்கான அறுவையில்லாச் சிகிச்சைகள் குறித்து ஹேண்டோல், மதோக் ஆகியோர் 2003ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பில் அளித்த மதிப்பாய்வு இத்துறையில் அடிப்படையானது. பெரும்பாலும் மூத்த பெண்களைக் கொண்ட 4215 நோயாளிகள் பங்கேற்ற 37 ஆய்வுகளை அது திரட்டியது. எவ்வகைக் கட்டு, எந்நிலையில், எத்தனை நாள் என்பவற்றை உறுதிசெய்யச் சான்று போதாது என்பதே அதன் முடிவு. ஆய்வுகளின் முறையியல் குறைபாடும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத தன்மையும் இம்முடிவுக்குக் காரணங்களாயின.

37 ஆய்வுகள் இருந்தும் விடை கிடைக்காமை எண்ணத்தக்கது. ஒப்பீட்டுக்கு இன்றியமையாத விவரங்கள் கூறப்படாதபோது எண்ணிக்கை பயன் தருவதில்லை. மூடிய முறைச் சிகிச்சை பற்றி 1950ஆம் ஆண்டு நூல் எழுதிய ஜான் சார்ன்லி, மாவுக்கட்டின் ஆற்றல் அதன் கனத்தில் இல்லை, எலும்பை மூன்று புள்ளிகளில் தாங்குமாறு அதை வனையும் கைத்திறனில் உள்ளது என்பதை வலியுறுத்தினார். அவ்வாறாயின், கட்டியவர் பயிற்சி பெற்றவரா, உள்ளே வைத்த பஞ்சின் அளவு எவ்வளவு, மணிக்கட்டு எந்நிலையில் இருந்தது என்பனவற்றைக் கூறாமல் தப்பையின் பெயரை மட்டும் கூறும் ஆய்வு குன்றக் கூறலுக்கு ஆளாகிறது. நன்கு வனைந்த தப்பைக்கட்டும் தளர்வாக இட்ட சூழ்கட்டும் ஒப்பிடப்பட்டால், அங்கு ஒப்பிடப்படுவன இரு கைத்திறன்களே.

மணிக்கட்டின் நிலை பற்றிய விவாதமும் இங்குக் கருதத்தக்கது. மணிக்கட்டை உள்நோக்கி மிக மடக்கிச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துக் கட்டும் பழைய நிலை, எலும்பைப் பிடித்து வைத்தாலும் நடுநரம்பை நெருக்குவதால் கைவிடப்பட்டது. சார்மியன்டோவும் உடனாய்வாளரும் 1975ஆம் ஆண்டு உள்ளங்கை மேல்நோக்கிய நிலையில் இயக்கத் தாங்கியைப் பரிந்துரைத்தனர். ஆரை எலும்பின் கீழ்முனையில் பற்றியுள்ள தசை, கை கவிழ்ந்த நிலையில் முறிந்த துண்டை இழுத்து நகர்த்தும் என்பது அவர்தம் வாதம். நிலை மாறினால் விளைவு மாறும் என்று துறைக்குள்ளேயே கருதப்படும்போது, நிலையைக் குறிக்காத ஒப்பீடு எவ்வளவு பேர் பங்கேற்றாலும் அரைகுறையானதே.

‘காணப்படவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும்

முழங்கையையும் தழுவும் நீண்ட தப்பை முன்கையின் சுழற்சியைத் தடுக்கும்; ஆகவே எலும்பு நகராது என்பது நெடுநாளைய நம்பிக்கை. பாங் உள்ளிட்டோர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட சமவாய்ப்பு ஆய்வு இதனைச் சோதித்தது. 85 நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு இடுக்கி வடிவ நீண்ட தப்பையும், மறுபகுதியினருக்குப் பெருவிரல் பக்கக் குறுந்தப்பையும் இடப்பட்டன. சீர்செய்த எலும்பு மீண்டும் நகர்வதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கையின் பயன்பாட்டில் குறுந்தப்பை இட்டவர்கள் மேம்பட்டிருந்தனர்.

இம்முடிவை ‘இரண்டும் ஒன்றே’ என எடுத்துரைப்பது பிழை. 85 பேரில் காணப்படாத வேறுபாடு 850 பேரில் காணப்படலாம். வேறுபாடு காணப்படவில்லை என்பது தேடியவரின் பார்வை எல்லையைக் குறிக்கும் தொடர். வேறுபாடு இல்லை என்பது பொருளின் இயல்பைக் குறிக்கும் தொடர். முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவுவதற்குத் தனிச்சான்று வேண்டும். அத்தகைய சான்றைத் தரவே சமநிலை ஆய்வு, தாழ்வின்மை ஆய்வு என்னும் வடிவங்கள் உள்ளன. எவ்வளவு வேறுபாட்டைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்பதை முன்கூட்டியே வரையறுத்து, அதற்குள் முடிவு அடங்குகிறதா என அவை சோதிக்கின்றன.

கனடாவில் பூட்டிஸ் உள்ளிட்டோர் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு தாழ்வின்மை வகையைச் சார்ந்தது. சிறிதளவே கோணிய முறிவுடைய 96 சிறுவர்களிடம் ஆயத்தத் தப்பையும் குறுஞ்சூழ்கட்டும் ஒப்பிடப்பட்டன. ஆறாம் வாரத்தில் செயல்திறன் மதிப்பெண் தப்பைக் குழுவில் 92.8, சூழ்கட்டுக் குழுவில் 91.4. இங்குத் தப்பை தாழ்ந்ததன்று என்று கூற ஆய்வின் வடிவமே இடம்தருகிறது. எனினும் அக்கூற்று சிறிதளவு கோணிய சிறுவர் முறிவுக்கு மட்டுமே உரியது. வளரும் எலும்பு தன் கோணலைத் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றல் உடையது; முதியோர் எலும்புக்கு அவ்வாற்றல் இல்லை. ஒன்றன் முடிவை மற்றதற்கு ஏற்றிக் கூறலாகாது.

ஒப்பிடப்பட்டது கட்டா, பராமரிப்பு முறையா

எலும்பு உடையாமல் ஒரு பக்கம் மட்டும் புடைத்து நிற்கும் முறிவு சிறுவரிடம் மிகுதி. இதற்குக் கழற்றக்கூடிய தப்பையே போதும் எனக் கனடாவில் பிளின்ட் உள்ளிட்டோர் 2006இல் காட்டினர். பிரித்தானியாவின் 23 மருத்துவமனைகளில் நடத்தப்பெற்று 2022ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியான ‘ஃபோர்ஸ்’ ஆய்வு மேலும் ஓரடி சென்றது. 4 முதல் 15 வயது வரையிலான 965 சிறுவர்களுள் ஒரு குழுவினருக்குத் துணிக்கட்டு தர முன்வந்து உடனே வீட்டிற்கு அனுப்பினர். மறு குழுவினருக்கு இறுக்கமான தாங்கல் இடப்பட்டது. மூன்றாம் நாள் வலி மதிப்பெண் முறையே 3.21, 3.14. முன்வரையறுத்த எல்லைக்குள் இரண்டும் சமமாயின.

இவ்வாய்வின் வலிமை அதன் எண்ணிக்கையிலும் வடிவத்திலும் உள்ளது. ஆயினும் அது ஒப்பிட்டது எதனை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. ஒரு குழுவுக்குத் துணிக்கட்டு ‘தர முன்வரப்பட்டது’. ஏற்பதும் மறுப்பதும் குடும்பத்தார் விருப்பம். அக்குழுவுக்கு மறுவருகை திட்டமிடப்படவில்லை. மறு குழுவுக்கு அந்தந்த மருத்துவமனையின் வழக்கப்படி மறுவருகை அமைந்தது. ஆகவே ஒப்பிடப்பட்டவை இரு பராமரிப்பு முறைகள். கட்டு அவற்றின் ஓர் உறுப்பு. ஆய்வாளர்கள் இதனை மறைக்கவில்லை. குற்றம் எடுத்துரைப்போரிடம் நேர்கிறது. ‘துணிக்கட்டே போதும்’ எனச் சுருக்கும்போது, நோயை உறுதிசெய்த எக்ஸ் கதிர்ப் படமும், பெற்றோருக்குத் தரப்பட்ட விளக்கமும், தேவைப்பட்டால் திரும்பிவர இருந்த வழியும் விடுபடுகின்றன. மருத்துவமனை தொலைவில் உள்ள ஊரில் இம்மூன்றும் இல்லாமல் துணிக்கட்டு மட்டும் சென்று சேர்ந்தால், அது அவ்வாய்வு சோதித்த சிகிச்சையாகாது.

மற்றொன்று விரித்தல்: யாருடைய கை

அளவுகோல் எலும்பின் கோணத்திலிருந்து கையின் பயனுக்கு இடம்பெயர்ந்தது இத்துறையின் பெரும் முன்னேற்றம். கனடாவில் 1998ஆம் ஆண்டு அறிமுகமான, நோயாளியே மதிப்பிடும் மணிக்கட்டு வினாநிரல் இதில் முன்னிற்கிறது. வலி பற்றி ஐந்து வினாக்கள், செயல் பற்றிப் பத்து வினாக்கள், மொத்தம் 100 மதிப்பெண். பிரித்தானியாவின் 36 மருத்துவமனைகளில் 500 பேரிடம், வனைந்த மாவுக்கட்டையும் உலோகக் கம்பி பொருத்துதலையும் ஒப்பிட்ட 2022ஆம் ஆண்டு ஆய்வும் இந்நிரலையே முதன்மை அளவுகோலாகக் கொண்டது. ஓராண்டு முடிவில் மதிப்பெண் 21.2, 20.7 என ஏறத்தாழ ஒன்றாக இருந்தது. அதே வேளையில் மாவுக்கட்டு இட்டோருள் எண்மரில் ஒருவருக்கு முதல் ஆறு வாரத்திற்குள் அறுவை தேவைப்பட்டது. ஓராண்டு இறுதி மதிப்பெண்ணை மட்டும் காண்போர் அந்த எண்மரில் ஒருவரைக் காணார்.

வினாநிரலின் உள்ளடக்கம் தனியே நோக்கத்தக்கது. கதவுக் குமிழைத் திருகுதல், கத்தியால் இறைச்சி வெட்டுதல், சட்டைப் பொத்தான் போடுதல், நாற்காலியிலிருந்து கையூன்றி எழுதல், பத்துப் பவுண்டு எடையைச் சுமத்தல், கழிவறைத் தாளைப் பயன்படுத்துதல் ஆகியன குறிப்பிட்ட செயல்களாக வினவப்படுகின்றன. இவை ஒரு குறிப்பிட்ட வாழ்முறையின் கைவினைகள். சோற்றைப் பிசைந்து உருட்டி வாயருகே கொண்டு செல்லும் கைக்கு, கவிழ்ந்த நிலையிலிருந்து நிமிர்ந்த நிலைக்குச் சுழலும் முன்கை வேண்டும். முழங்கையைத் தழுவும் தப்பை தடுப்பது இச்சுழற்சியையே. கையால் உண்பவருக்கு நீண்ட தப்பையின் இழப்பு, முட்கரண்டியால் உண்பவருக்கு உள்ளதற்கு நிகராகாது. தண்ணீரால் கழுவும் வழக்கம் உடையவருக்கு, கழற்ற முடியாத மாவுக்கட்டு நாள்தோறும் நேரும் இடர்ப்பாடு. இடக்கை முறிந்தால் அவ்விடர் இன்னும் மிகும். தரையில் அமர்ந்து எழுவோர், துணி பிழிவோர், குடம் சுமப்போர், களை பறிப்போர் ஆகியோரின் கைகளை அந்நிரல் நேராக வினவவில்லை.

ஆகையால் அந்நிரலைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் பயன்படுத்தினால் மற்றொன்று விரித்தல் என்னும் குற்றம் நேரும். கேட்க வந்தது இவர் கையின் பயன். கேட்கப்படுவது வேறொருவர் கையின் பயன். இரு தப்பைகளும் சமம் என வரும் விடை, வினா தொடாத இடத்தில் உள்ள வேறுபாட்டை மறைத்துவிடக்கூடும். வினாநிரலின் மொழிபெயர்ப்பு பண்பாட்டுப் பெயர்ப்பாகவும் அமைதல் வேண்டும் என்னும் கோரிக்கை இங்கு மருத்துவத்தின் தேவையாகவே எழுகிறது.

தமிழ்ப் பின்புலம்

அறுவை மருத்துவத்தைத் தமிழில் எழுதும் முயற்சி புதியதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், துரூயிட்டின் அறுவை நூலை ‘இரணவைத்தியம்’ என்னும் பெயரில் 1867ஆம் ஆண்டு தமிழில் வெளிக்கொணர்ந்தார். மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவிக்கும் தேவை அந்நூலை உருவாக்கியது. கற்பிக்கும் தேவை உள்ள இடத்தில் கலைச்சொல் துல்லியம் பெறும். அத்தேவை அற்ற இடத்தில் பொதுச்சொல்லே எஞ்சும். இன்று மருத்துவக் கல்வி ஆங்கிலத்தில் நிகழ, நோயாளிக்கான அறிவுரை மட்டும் தமிழில் வழங்கப்படுகிறது. வேறுபாடுகள் ஆங்கிலத்தில் தங்கிவிட, ‘கட்டு’ என்னும் சொல் மட்டும் நோயாளியோடு வீடு செல்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வுகளிலிருந்து பின்வருவன தெளியப்படுகின்றன. சிறுவரின் புடைப்பு முறிவுக்கும் சிறிதளவு கோணிய முறிவுக்கும், எளிய கட்டும் கழற்றக்கூடிய தப்பையும் போதும் என்பதற்கு வலுவான சான்று உள்ளது. வளர்ந்தோரின் நகர்ந்த முறிவுக்கு எத்தப்பை மேலானது என்பதற்குப் பெயரளவிலான ஒப்பீடுகள் விடை தரவில்லை. வனையும் திறனும் கையின் நிலையும் உடன் கூறப்படாதவரை தரவும் இயலாது. வேறுபாடு காணப்படாமையை வேறுபாடு இன்மையாக எடுத்துரைப்பது தவிர்க்கப்பட வேண்டும். அளவுகோல் நோயாளியின் வாழ்க்கையிலிருந்து எழுதல் வேண்டும்.

தமிழாய்வு இதில் செய்யக்கூடிய பணிகள் இரண்டு. தப்பைக்கட்டு, சூழ்கட்டு, துணிக்கட்டு ஆகியவற்றைப் பிரித்துரைக்கும் சொற்களைக் கலைச்சொல் அகராதியோடு நிறுத்திவிடாமல், மருத்துவமனையில் தரப்படும் அறிவுரைத் தாள் வரை கொண்டுசெல்லுதல் முதலாவது. உண்ணல், கழுவல், தரையில் அமர்ந்தெழல், உழைத்தல் ஆகிய செயல்களை உட்கொண்ட வினாநிரலை மருத்துவரோடு இணைந்து உருவாக்குதல் இரண்டாவது. நூற்குற்றம் பத்தனுள் இறுதியாக வைக்கப்பட்டது நின்று பயன் இன்மை. எது கழற்றத்தக்க கட்டு, எது கழற்றக்கூடாதது, எப்போது மருத்துவமனைக்குத் திரும்பவேண்டும் என்பதைக் கட்டோடு வீடு திரும்புபவர் தம் மொழியில் அறியும்போதே, இவ்வொப்பீட்டு ஆய்வுகள் அக்குற்றத்திலிருந்து நீங்கும்.